ஆசிரியர் மனசு வைக்க தலைமை ஆசிரியர் சரியாக இருக்கணும்!

சுந்தரபாண்டியபுரம்:

"டீச்சர் நல்லா சொல்லிக் கொடுக்காங்களா?" பிள்ளையை பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாய்மார்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் அந்த டீச்சருக்கு பாடம் நடத்துகிற உற்சாகம் எங்கிருந்து வருகிறது? சம்பளமா, அதிகாரி மேல் உள்ள பயமா? இரண்டும் போக இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் நம்பிக்கை.

ரோஜா படத்தாலும், சூரியகாந்தி வயல்களாலும் பேர் வாங்கிய ஊர் சுந்தரபாண்டியபுரம். இந்த வட்டாரத்தில் வயல் வேலைக்கு போகிறவர்களும், பீடி சுற்றுகிறவர்களும் ஏராளம். டியூசனுக்கு பணம் கட்ட எல்லாராலும் முடியுமா? பள்ளிக்கூடத்தில் படிப்பதுதான் படிப்பு. அங்கே ஆசிரியர் மனசு வைக்காவிட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

4 பேரில் ஒருவர் இல்லை

2003-ம் ஆண்டு இந்தியா முழுக்க சுமார் 3,700 பள்ளிகளுக்கு ஆய்வுக்குழுவினர் சொல்லாமல் கொள்ளாமல் போய் பார்த்தனர். பின்னாளில் (2019) பொருளாதார நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமர், நம்மவரான கார்த்திக் முரளிதரன் ஆகியோர் நடத்திய ஆய்வு இது. அரசு தொடக்கப்பள்ளிகளில் 25 சதவீத ஆசிரியர்கள் அன்று பள்ளியில் இல்லை. ஏறக்குறைய பாதிப்பேர்தான் பாடம் நடத்திக் கொண்டிருந்தனர்.

இதில் இன்னொரு அதிர்ச்சி. சம்பளம் கூடுதலாக வாங்கும் தலைமை ஆசிரியர்கள்தான், மற்றவர்களை விட அதிகமாக வராமல் இருந்தார்கள். பெரியவரே வராத இடத்தில் மற்றவர்களை யார் கேட்பது?

அடிக்கடி மட்டம் போட்டதற்காக ஆசிரியர் டிஸ்மிஸ் ஆனது உண்டா என்றும் கேட்டார்கள். கிட்டத்தட்ட 3 ஆயிரம் அரசு பள்ளிகளில் "உண்டு" என்று பதில் வந்தது ஒரே ஒரு பள்ளியில்தான். ஆக, வேலை போய்விடும் என்ற பயம் அங்கே பேருக்குக்கூட இல்லை.

நம்பிக்கைக்கு 4 கால்கள்

அப்படியானால் எதற்குத்தான் பலன் இருக்கும்? அமெரிக்காவின் சிகாகோ நகரில் 400-க்கும் மேற்பட்ட பள்ளிகளை ஆராய்ந்து, அந்தோணி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 2002-ல் ஒரு புத்தகம் வெளியிட்டனர். பள்ளிக்குள் நம்பிக்கை வலுவாக இருந்த இடங்களில், இரண்டில் ஒரு பள்ளி வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறியது. நம்பிக்கை ரொம்ப குறைவான இடங்களில் ஏழில் ஒன்றுதான் தேறியது.

மரியாதை, வேலையில் திறமை, அக்கறை, நேர்மை. இந்த நான்கும்தான் நம்பிக்கையின் கால்கள் என்கிறார்கள் அவர்கள். நம்ம ஊர் பேச்சில் சொன்னால், ஆசிரியரை பிள்ளைகள் முன்னால் திட்டாமல் தனியாக கூப்பிட்டு சொல்வது மரியாதை. அவர் வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் விசாரிப்பது அக்கறை. வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காமல் வேலையை பிரித்துக் கொடுப்பது நேர்மை. தானே வகுப்பெடுத்து காட்டுவது திறமை. இப்படிப்பட்ட தலைமை ஆசிரியர் இருந்தால், மணி அடித்த பிறகும் நாலு பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க ஆசிரியருக்கு தானாக மனசு வரும்.

பெற்றோர் கையிலும் இருக்கு

எல்லாப் பொறுப்பையும் தலைமை ஆசிரியர் தலையிலேயே கட்டிவிட முடியாது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமை சட்டப்படி அரசு பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது, அரசு கொடுத்த பணம் எப்படி செலவாகிறது என்று பார்க்கும் உரிமை இந்த குழுவுக்கு உண்டு.

அடுத்த முறை கூட்டத்துக்கு கூப்பிட்டால், "வேலை கிடக்கு" என்று இருந்துவிடாமல் ஒரு எட்டு போய் வாருங்கள். குறை இருந்தால் கேளுங்கள். நல்லா நடத்துகிற டீச்சரை நாலு பேர் முன்னால் பாராட்டவும் செய்யுங்கள். அந்த ஒரு வார்த்தையும் நம்பிக்கைதான்.