திரும்ப மறுத்த வண்டி

கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்தி நோக்கி வரும் சாலையில் காலை வேளையில் பிரயாணம் செய்தவர்கள் அந்தக் காட்சியை நன்கு அறிவர். மோட்டார் சைக்கிளின் பின்புறத்தில் பெரியதொரு மீன்பெட்டி. அதனுள் மீனும் பனிக்கட்டியும். ஒரு புறம் களப்பு, மறுபுறம் கடல். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சாலையின் குறுக்கே மணல் வந்து படிந்துவிடுகிறது.

அந்த வியாபாரியின் வண்டியைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். நேர்ச் சாலையில் ஒழுங்காகவே ஓடுகிறது. வளைவு வந்ததும் முன்சக்கரம் சொன்னபடி கேட்க மறுக்கிறது. திருப்பினாலும் வண்டி வெளிப்புறமாகவே போகப் பார்க்கிறது. மணல் கிடந்தால் சொல்லவே வேண்டியதில்லை. நண்பகலில் மீனை விற்றுவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பும்போதோ, அதே வண்டி வளர்த்த பசுவைப் போல அடங்கி நடக்கிறது.

காரணம் எளிது. பெட்டியின் பாரம் பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. கிணற்றுத் துலாவின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழுவது போல, அந்த அச்சை ஆதாரமாகக் கொண்டு முன்புறம் இலேசாகிவிடுகிறது. சாலையை அழுத்திப் பிடித்தால்தான் முன் டயருக்குத் திருப்பும் வலிமை உண்டு. அழுத்தம் குறைந்த டயர் வழுக்குகிறது. அதுவும் எச்சரிக்கை ஏதுமின்றி வழுக்குகிறது. பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் விழுந்த பின்புதான் தெரியவரும்.

மீன் வியாபாரியின் இந்தச் சங்கடத்துக்கு நெருங்கிய உறவான ஒரு நோய், உலகப் புகழ் பெற்ற பந்தயக் குழு ஒன்றைப் பல ஆண்டுகள் வாட்டியது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

இத்தாலியின் பொலோனியா நகரில் உள்ள டுக்காட்டி நிறுவனம், மோட்டோ ஜீ.பீ. என்னும் உலகப் பந்தயத்தில் 2003ஆம் ஆண்டு இறங்கியது. 2007இல் கேசி ஸ்டோனர் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் அவ்வண்டியில் உலகச் சாம்பியன் ஆனார். 2009இல் உருக்குக் குழாய்ச் சட்டகத்தைக் கைவிட்டு, இலேசானதும் மிக உறுதியானதுமான கார்பன் இழை அமைப்பைக் கைக்கொண்டனர். பெரும் சட்டகம் என்று ஒன்று இல்லாமல் என்ஜினே வண்டியின் முதுகெலும்பாக நின்றது. ஸ்டோனர் 2010இல் அதிலும் மூன்று பந்தயங்களை வென்றார். ஆனால் முன்சக்கரம் நழுவிப் பலமுறை விழவும் செய்தார்.

2011இல் அவர் விலக, அவருடைய இடத்துக்கு வந்தவர் வாலண்டினோ ரொஸி. ஒன்பது உலகப் பட்டங்கள் பெற்றவர். இத்தாலிய வீரர், இத்தாலிய வண்டி. நாடே ஆவலோடு காத்திருந்தது. நடந்ததோ வேறு. இரண்டு ஆண்டுகளில் ஒரு வெற்றியேனும் கிட்டவில்லை. முதல் மூவருள் ஒருவராக அவர் மேடையேறியது மூன்றே தடவை.

முதலில், சத்திர சிகிச்சை செய்த அவருடைய தோளைக் குறை கூறினார்கள். தோள் குணமாகியும் வண்டி திரும்பவில்லை. பின்னர் கார்பன் சட்டகத்தின் மீது பழி விழுந்தது. அதில் நியாயம் இல்லாமலில்லை. பந்தய வண்டி வளைவில் 60 பாகை அளவுக்குச் சாய்கிறது. அவ்வாறு சாய்ந்திருக்கையில், பள்ளம் மேடுகளை விழுங்க வேண்டிய சுருள்வில்கள் சரிவர வேலை செய்ய மாட்டா. அவ்வேளையில் சட்டகமே பக்கவாட்டில் சிறிது வளைந்து கொடுக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இறுகி நிற்க வேண்டும். எல்லாத் திசையிலும் இறுகிய சட்டகம் டயரின் பேச்சை வீரரின் கைகளுக்குக் கொண்டு சேர்ப்பதில்லை. எவ்வளவு பிடிப்பு மிஞ்சியிருக்கிறது என்பதை அறியாமலே அவர் வளைவுக்குள் நுழைய நேரிடுகிறது.

ஆகவே 2012இல் மற்றவர்களைப் போல அலுமினியச் சட்டகம் பூட்டினார்கள். அப்பொழுதும் வெற்றி இல்லை! சட்டகத்தை மட்டும் நொந்து பயனில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

டுக்காட்டியின் என்ஜினில் உருளைகள் 90 பாகை விரிந்து நிற்கின்றன. அக்காலத்தில் முன்வரிசை ஏறக்குறையப் படுத்த நிலையில் முன்சக்கரத்தை நோக்கி நீண்டிருந்தது. இதனால் என்ஜினை வேண்டிய அளவு முன்னே தள்ளி வைக்க இடமிருக்கவில்லை. பாரம் முன்னே வராதபோது முன் டயர் போதிய அழுத்தம் பெறுவதில்லை. பந்தய டயரோ அழுந்தி அழுந்திச் சூடேறினால்தான் பிடிக்கும். 2009 முதல் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நிறுவனத்தின் டயர்களே வழங்கப்பட்டமையால், தங்கள் வண்டிக்கு ஏற்ற டயரைக் கேட்டுப் பெறும் வழியும் அடைபட்டுவிட்டது.

அப்படியாயின் ஸ்டோனர் எவ்வாறு வென்றார்? அவர் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, என்ஜினின் விசையாலேயே வண்டியைத் திருப்பினார். அந்த ஒருவரின் சாமர்த்தியம் வண்டியின் குறையை மறைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ரொஸியின் திறமை மங்கிவிட்டது என்றவர்களும் இருந்தார்கள். அவர் யமஹா நிறுவனத்துக்குத் திரும்பி, 2013 ஜூன் மாதம் ஹொலந்து நாட்டின் அஸென் நகரில் வென்றபோது அந்தப் பேச்சு அடங்கியது.

அவ்வாண்டின் இறுதியில் லூயிஜி டாலின்யா என்னும் நிபுணர் டுக்காட்டிக்கு வந்தார். ஓர் உறுப்பை மாற்றிப் பார்ப்பதை விட்டு, வண்டி முழுவதையும் புதிதாக எண்ணினார். 2015இல் வந்த வண்டியில் 90 பாகை அப்படியே இருந்தது. ஆனால் என்ஜின் சுருங்கியிருந்தது. அது அமரும் நிலையும் மாறியிருந்தது. ஸ்டோனர் 2010இல் பெற்ற கடைசி வெற்றிக்குப் பின் அடுத்த வெற்றி, 2016இல் ஒஸ்திரியாவில் யன்னோனே என்பவர் மூலம் கிட்டியது. உலகப் பட்டத்துக்கோ மேலும் ஆறு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் ஸ்பெயினின் வலென்சியாவில் பிரான்செஸ்கோ பன்யாயா அதைப் பெற்றார். 2010 நவம்பரில் ரொஸி முதன்முதலாக டுக்காட்டியில் ஏறிப் பார்த்ததும் அதே வலென்சியா ஓடுபாதையில்தான். பன்யாயாவோ ரொஸியின் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த பிள்ளை.