விழித்திரையில் ஒரு கணக்கெடுப்பு

உடலைக் கீறாமல், உயிருள்ள மனிதரின் குருதிக்குழாய்களை நேரே காணத்தக்க இடம் விழித்திரை. 1851ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை உலகிற்கு அறிவித்தார். அன்றுமுதல் மருத்துவர்கள் கண்ணின் பாவை வழியே ஒளியைச் செலுத்தி அக்குழாய்களைப் பார்த்து வருகின்றனர்.

நீரிழிவு நோயில் குருதியில் மிகும் சர்க்கரை, ஆண்டுக்கணக்கில் இந்நுண்குழாய்களின் சுவர்களை நலிவுறச் செய்கிறது. நலிந்த இடங்கள் புடைத்துச் சிறு செம்புள்ளிகளாகத் தோன்றுகின்றன. பின்னர் அவற்றினின்று குருதியும் நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில குழாய்கள் அடைபடவே, உயிர்வளியின்றி வாடும் விழித்திரை புதிய குழாய்களை முளைக்கச் செய்கிறது. உதவிக்கு வந்தவைபோல் தோன்றும் இப்புதுக் குழாய்களே பெருங்கேடு விளைப்பவை. மிக மெல்லியவை ஆதலால் அவை உடைந்து கண்ணினுள் குருதியைக் கொட்டுகின்றன. வடு சுருங்கி விழித்திரையையே பெயர்த்து விடுவதும் உண்டு. இவ்வளவும் வலியின்றி நிகழ்கிறது. நடுப்பார்வைக்குரிய பகுதி தாக்கப்படும்வரை நோயாளி செய்தித்தாள் படிக்கிறார், வண்டி ஓட்டுகிறார், தமக்கு ஒரு குறையும் இல்லை என்றே எண்ணுகிறார்.

எனவே, இந்நோயின் பரப்பை மருத்துவமனை ஏடுகளைக் கொண்டு அளக்க இயலாது. கண் மருத்துவமனைக்குப் பெரும்பாலும் பார்வை மங்கியவரே வருவர். அவர்களை மட்டும் எண்ணினால் விழுக்காடு மிகும். வராதோர் விடுபடுவதால் மொத்த எண்ணிக்கையோ குறையும். ஒரே ஏடு ஒருபுறம் மிகையாகவும் மறுபுறம் குறைவாகவும் பொய் சொல்லும். ஆய்வாளர் மக்களைத் தேடிச் செல்வதே இதற்கு வழி.

அவ்வழியில் முன்னே சென்றவர்கள் அமெரிக்காவின் ரொனால்டு கிளைன், பார்பரா கிளைன் இணையர். விஸ்கான்சின் மாநிலத்தின் தென்பகுதியில் 11 மாவட்டங்களில் வாழ்ந்த நீரிழிவு நோயாளிகளை, 1980களின் தொடக்கத்தில், ஊர்தியில் அமைத்த பரிசோதனைக்கூடத்துடன் அவர்தம் இருப்பிடங்களுக்கு அருகே சென்று ஆராய்ந்தனர். இளவயதில் நீரிழிவுக்கு ஆளானோரில், நோய் வந்து ஐந்தாண்டு நிறையாதவர்களுள் 17 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்தவர்களுள் அது 97.5 விழுக்காடாக உயர்ந்திருந்தது. சர்க்கரையின் அளவைப் போலவே காலமும் இந்நோயை வளர்க்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

நம் சென்னையிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வு என்பது அதன் பெயர். அப்போதிருந்த 155 மாநகராட்சி வட்டங்களுள் 46 வட்டங்களில், இருபது வயது நிறைந்த 26,001 பேர் கணக்கில் கொள்ளப்பட்டனர். நீரிழிவு உண்டெனத் தாமே கூறியவர்கள் ஒருபுறமிருக்க, பட்டியலில் ஒவ்வொரு பத்தாமவரும் குருதிப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். அறியாத நீரிழிவு அவ்வாறு வெளிப்பட்டது. இவ்விரு பிரிவினருக்கும் விழித்திரை நிழற்படங்கள் எடுக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, நீரிழிவு உள்ளோரில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. முன்பே நோயை அறிந்தவர்களுள் இது 20.8 விழுக்காடு, புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுள் 5.1 விழுக்காடு.

இவற்றுள் சிறிய எண்ணே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தமக்கு நீரிழிவு இருப்பதையே அறியாத நூறு பேரில் ஐவருக்கு, அது விழித்திரைவரை சென்றுவிட்டது. நோய் தெரியவந்த நாளும் நோய் தொடங்கிய நாளும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின்னர்ச் சங்கர நேத்ராலயா மருத்துவமனையினர் சென்னையில் நாற்பது வயதைக் கடந்தோரிடம் நடத்திய ஆய்வில், நீரிழிவு உள்ளோரில் 18 விழுக்காட்டினருக்கு இப்பாதிப்பு காணப்பட்டது. வெவ்வேறு குழுவினர் எடுத்த கணக்குகள் இத்துணை நெருங்கி வருவது நம்பிக்கை தருகிறது. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சிற்றூர்களில் அவர்கள் கண்ட அளவு 10.3 விழுக்காடு. நகரத்தினும் குறைவுதான், ஆனால், சிற்றூரிலிருந்து கண் மருத்துவரை அடையும் தொலைவு அவ்வாறு குறைவதில்லை.

லேசர் ஒளியால் தக்க காலத்தில் மருத்துவம் செய்தால், முற்றிய நிலையினரின் கடும் பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்பதை 1970களிலேயே அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. எனினும் லேசர் எஞ்சிய பார்வையைக் காக்குமேயன்றிப் போனதைப் பெரும்பாலும் மீட்டுத் தராது. ஆதலால் நீரிழிவு உள்ளோர், பார்வை தெளிவாக இருக்கும்போதே, ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிக்கும்படி அறிவுறுத்தப்படுகின்றனர். சொட்டு மருந்தால் பாவையை விரித்துப் பார்ப்பது வழக்கம். சில மணி நேரம் கண் கூசும்; அருகிலுள்ள எழுத்து மங்கலாகத் தெரியும்; மாலைக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.