பிரம்பு போயிற்று, பொறுப்பு எங்கே?

“கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஸார்!” பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் நம் பெரியவர்கள் ஆசிரியரிடம் இப்படித்தான் சொல்வார்கள். ஆசிரியர் மீதிருந்த மரியாதை அதில் தெரிந்தது. கூடவே, ‘இவனைத் திருத்துவது இனி உங்கள் பாடு’ என்று பொறுப்பைக் கைமாற்றும் எண்ணமும் அதில் ஒளிந்திருந்தது.

அந்தக் காலம் மாறிவிட்டது. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே கல்வி விதிகள் திருத்தப்பட்டு, பள்ளிகளில் அடிக்கும் தண்டனை விலக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையின் உடலை வருத்துவதோடு மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. இது நல்ல மாற்றமே. பிரம்புக்குப் பயந்த மாணவன், பிரம்பு கண்ணில் பட்ட நேரம் மட்டுமே அடங்கியிருந்தான். அச்சம் வேறு, ஒழுக்கம் வேறு.

ஆனால், பிரம்பு இருந்த இடத்தில் நாம் எதை வைத்தோம்? சிந்தித்துப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகன். வாப்பா வளைகுடா நாட்டில். உம்மா ஒருவரே வீட்டையும் வெளியையும் பார்த்துக்கொள்கிறார். வகுப்பில் ஆசிரியரை எதிர்த்துப் பேசிவிட்டான் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது. சில தாய்மார்கள் வெட்கப்பட்டுப் போகாமலே இருந்துவிடுகிறார்கள். சிலர் சென்று, மகனுக்கு முன்னாலேயே ஆசிரியரோடு சண்டையிடுகிறார்கள். வேறு சிலர் எல்லோரும் பார்க்க அவனை அறைகிறார்கள். ‘அங்கே கிடந்து வருந்துவார்களே’ என்று வாப்பாவிடம் செய்தியை மறைத்தும் விடுகிறார்கள். பள்ளிக்கூடத்துச் சொல் வீடுவரை வராது என்பதே இதிலிருந்து மகன் கற்றுக்கொள்ளும் பாடம்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காப்பு இல்லை. பிள்ளைகள் மிகவும் தடுமாறும் வயதும் அதுவே. இரண்டு மூன்று புகார்களுக்குப் பிறகு, “படித்தது போதும், பாஸ்போர்ட் எடுக்கும் வழியைப் பார்ப்போம்” என்ற முடிவுக்கு வீடு வந்துவிடுகிறது. ஒரு கோபத்தில் ஒரு வாழ்க்கையின் திசையே மாறிவிடுகிறது!

பெற்றோர்களே, செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல.

பள்ளி அழைத்தால் தவறாமல் செல்லுங்கள். முதலில் ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு மகன் சொல்வதையும் கேளுங்கள். ஆசிரியரிடம் தவறு இருப்பதாகத் தோன்றினால் தனியாகப் பேசுங்கள். வாப்பாவிடம் மறைக்காதீர்கள். தொலைபேசியில் அவர் கேட்கும் அமைதியான இரண்டு கேள்விகள் பத்து அடிகளுக்கு மேலானவை.

விதிகள் குறைவாக இருக்கட்டும். ஆனால் ஒருநாளும் மாறாதிருக்கட்டும். நேற்று சிரித்துவிட்டு விட்ட குற்றத்துக்கு இன்று சீறி விழுந்தால் பிள்ளைக்கு எது விதி என்றே விளங்காது. தண்டனை கடுமையாக இருக்க வேண்டியதில்லை. தவறாமல் இருந்தால் போதும். செய்த தவற்றை அவனே சரிசெய்வதாக அது அமையட்டும். நண்பனின் நோட்டைக் கிழித்தவன் புதிய நோட்டில் அனைத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். மனத்தைப் புண்படுத்தியவன் நேரில் சென்று மன்னிப்புக் கேட்கட்டும்.

இந்த வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியோடு விழித்திருப்பவன் காலை வகுப்பில் எரிந்து விழுவதில் வியப்பென்ன? இரவில் கைப்பேசி உம்மாவின் அறையில் உறங்கட்டும்.

குற்றத்தைக் காணும் கண், நன்மையையும் காண வேண்டும். ஒரு வாரம் ஒழுங்காக நடந்தால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கும் இதுவே நம் வேண்டுகோள்: புகார் சொல்ல மட்டுமே பெற்றோரை அழைக்காதீர்கள், பாராட்டவும் ஒருமுறை அழையுங்கள்.

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சகோதரிகளே, அந்த நாற்காலி உங்களுடையது. அதில் சென்று அமருங்கள்.

‘தோலை உரித்துவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிய காலம் போகட்டும். ‘என் மகனை நாம் இருவரும் சேர்ந்து வளர்ப்போம்’ என்று இனி ஆசிரியரிடம் சொல்வோம்.