மனு ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது

குற்றவியல் நீதி அமைப்பைக் காவல்துறை, அரசு வழக்குத் தொடர்வுத் துறை, நீதிமன்றம், சிறை எனப் பிரித்துச் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள். வன்கொடுமை வழக்குகளில் முதல் உறுப்பே ஏனையவற்றின் வேலையைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. தருமபுரி மாவட்டத்தின் பழங்குடி கிராமமான வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நிகழ்த்திய கொடுமைக்கு உள்ளூரில் வழக்கே பதியப்படவில்லை. சிறைக்குப் போனவர்கள் கிராமத்து மக்கள். உயர் நீதிமன்ற ஆணையால் 1995-இல்தான் மத்தியப் புலனாய்வுத் துறை நுழைந்தது. 2011-இல் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானபோது, அவர்களில் 54 பேர் உயிருடன் இல்லை.

இன்றும் தமிழ்நாட்டில் புகார்தாரரின் கையில் பெரும்பாலும் முதலில் தரப்படுவது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதுதான். புகார் பெறப்பட்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அந்த இடைவெளியில் ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேச வருகிறார்கள், எதிர்த்தரப்பிடம் ஓர் எதிர்ப்புகார் வாங்கப்படுகிறது, காயங்கள் ஆறிவிடுகின்றன. பின்வாங்க மறுத்தால், இரு தரப்பின் மீதும் வழக்குப் பாயும் என்ற மிரட்டல்.

இதற்குப் புதியதொரு சாக்கும் கிடைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (இப்பெயரை உச்சரிப்பதே புகார்தாரருக்கு ஒரு சோதனை) 173(3) பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாள்களுக்குள் தொடக்கநிலை விசாரணை நடத்த இடமளிக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல் உள்ளிட்ட, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1) பிரிவுக் குற்றங்களுக்கு உச்சத் தண்டனை ஐந்தாண்டு. ஆகவே அவையும் இதில் அடங்கும் எனக் காவல் நிலையத்தில் வாதிடக்கூடும். அவ்வாதம் செல்லாது. இச்சட்டத்தின்கீழ் வழக்குப் பதியத் தொடக்கநிலை விசாரணை தேவையில்லை என 18ஏ பிரிவு தெளிவாகக் கூறுகிறது. சுபாஷ் காசிநாத் மகாஜன் தீர்ப்பு விதித்த தடையை நீக்க, நாடு தழுவிய போராட்டத்துக்குப் பின் 2018-இல் நாடாளுமன்றம் சேர்த்த பிரிவு அது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிற சட்டத்தோடு முரண்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே மேலோங்கும் என்கிறது 20ஆம் பிரிவு. காத்திருக்கச் சொல்லும் அதிகாரியிடம் இவ்விரு பிரிவுகளையும் எழுத்தில் சுட்டி, ஒப்புகை பெறுங்கள்.

அதன்பிறகும் பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம்; அதுவும் பயனளிக்காவிடில் நீதிமன்றத்தை நாடலாம். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால், நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்ற நிபந்தனை அப்பிரிவின் பல்லைப் பிடுங்கிவிட்டது என்பதே என் கருத்து.

வழக்குப் பதிந்தபின், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி 60 நாள்களில் புலன்விசாரணையை முடிக்க வேண்டும். பிணை மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும் என்னும் 15ஏ பிரிவு கட்டாயமானது என 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரணை நாளன்று காலையில் காவலர் வந்து கையெழுத்து வாங்கிச் செல்வது முன்னறிவிப்பாகாது. கையெழுத்தின் கீழே தேதியுடன் நேரத்தையும் எழுதிக் கொடுத்தால், பிணையை எதிர்த்து வாதிடுகையில் அது பயன்படும்.