ஒரு படகு, ஒரு ஆள், ஐம்பது தீவு!

"எந்த ஊர் சார் நீங்க?" என்று யாராவது கேட்டு, நான் "மங்களூர்" என்று சொன்னால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்போ கன்னடம் நல்லா பேசுவீங்க?"

ஐயா, எங்கள் மங்களூர் கர்நாடகத்தில் இல்லை. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடி பக்கம் இருக்கிறது. அந்த மங்களூருக்குக் கடல் உண்டு, துறைமுகம் உண்டு, பேர் போன ஓடு உண்டு. எங்களுக்கு மானாவாரிக் காடு, பருத்தி, மக்காச்சோளம். பெருமைக்குப் பக்கத்து ஊர் விருத்தாசலத்துப் பீங்கான். ஃப்யூஸ் கட்டையிலிருந்து கொலு பொம்மை வரை அங்கே செய்கிறார்கள். தீவு பார்க்க ஆசை வந்தால் பிள்ளைகளின் அட்லஸைத்தான் பிரிக்க வேண்டும் என்று நினைத்துக் கொண்டிருக்கிற ஜனங்கள் நாங்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு இங்கிலாந்திலிருந்து மச்சான் வந்தார். என் அத்தை பையன். மனைவி, பத்து வயசுப் பிள்ளை சகிதம் பொங்கல் லீவு. வந்த அன்று ராத்திரியே செல்போனில் போட்டோ காட்ட ஆரம்பித்துவிட்டார்.

"இதுதான் ஸ்கை. போன கோடையில போனோம்."

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஸ்கைன்னா ஆகாசம்தானேடா? ஆகாசத்துல எப்படி கார் ரோடு போட்டான்?"

ஸ்கை என்பது ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள ஒரு தீவு என்று மச்சான் விளக்கினார். 1995-ல் பாலம் கட்டிவிட்டதால் கார் நேரே தீவுக்குள் போய்விடும். 'ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டார்' என்று ஒரு பாறை. கிழவர் ஒருத்தர் மலைச்சரிவில் ஒற்றையாக நிற்கிற மாதிரி ஐம்பது மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. 'குவிரேங்' என்று இன்னொரு மலை. அது சரிந்து உண்டான இடம். இன்னமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கிறதாம்.

"எல்லாத்தையும் சுத்திக் காட்ட ஒரு ஆளை ஏற்பாடு பண்ணினோம். காலையில தங்கியிருக்கிற வீட்டு வாசலுக்கே கார் கொண்டு வந்துடுவார். நாள் பூரா நமக்காக மட்டும். நிறுத்துன்னா நிறுத்துவார். ஒவ்வொரு இடத்துக்கும் கதை சொல்வார்."

"எவ்வளவு ஆச்சு மச்சான்?"

"அது ஆச்சு, சில நூறு பவுண்டு."

நான் பி.காம். படித்தவன். யார் எந்த நாட்டுக் காசைச் சொன்னாலும் மனசுக்குள் பெருக்கல் ஓடும். ஓடி முடித்தபோது எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு நல்ல கறவை மாடு கண் முன்னால் நின்றது. ஒரு நாள் கார் ஓட்டிக் கதை சொல்ல ஒரு மாட்டு விலையா!

மச்சான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "நீ நினைக்கிறது தெரியுது மாப்ளே. ஆனா அந்த ஆள் இல்லேன்னா நாங்க பாறையை மட்டும் பார்த்துட்டு வந்திருப்போம்" என்றவர், ஒரு போட்டோவைப் பெரிசாக்கினார். பச்சைப் பள்ளத்தாக்கு. ஒரு மனுஷன் இல்லை. தூரத்தில் ஆடுகள். "அழகா இருக்கு இல்ல? இங்கதான் அவர் காரை நிறுத்தினார். புல்லுக்கு நடுவுல முழங்கால் உசரம் கல்லுச்சுவர் தெரியுது பார். அதெல்லாம் வீடு."

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிலச் சொந்தக்காரர்கள், குடியானவனை வைத்திருப்பதைவிட ஆடு வளர்த்தால் லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். கிராமம் கிராமமாகக் காலி பண்ண வைத்தார்கள். ஜனங்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினார்கள். 1882-ல் அதே தீவில் 'பிரேஸ்' என்ற இடத்தில் குடியானவர்கள் எதிர்த்து நின்றார்கள். கிளாஸ்கோவிலிருந்து போலீஸ் வந்தது. பெண்கள் கல்லெடுத்து அடித்தார்கள். நாலு வருஷம் கழித்து, குத்தகைக்காரனை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று சட்டமே வந்தது.

"டூரிஸ்ட் பார்க்கிற அந்த அமைதி இருக்கே, அதுல பாதி, ஆளைத் துரத்தினதால வந்த அமைதி" என்றார் மச்சான்.

அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பாவம்டா" என்றார்.

தனி ஆள், தனி வண்டி, தீவு, கதை. இத்தனையும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் விடியும் முன்னே எல்லோரையும் காரில் ஏற்றிவிட்டேன். பிச்சாவரம்!

எங்கள் பக்கத்து ஆறு வெள்ளாறு. ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறு ஆகிறது. திட்டக்குடியைத் தொட்டுக்கொண்டு போய், கூடலையாற்றூரில் விருத்தாசலத்து மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. சேத்தியாத்தோப்பில் அணைக்கட்டைக் கடந்தபோது அத்தை கேட்டார்: "இது எந்த ஆறுடா?"

"நம்ம ஆறுதான் அத்தை."

"நம்ம ஆறா? இவ்வளவு தூரம் வந்துடுச்சா?" என்று, சொந்தக்காரப் பிள்ளையை வெளியூரில் பார்த்த மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வடக்கே இந்த வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில், சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது பிச்சாவரத்து அலையாத்திக் காடு. ஐம்பதுக்கு மேற்பட்ட குட்டிக் குட்டித் தீவுகள். நடுநடுவே சந்து பொந்து மாதிரி கால்வாய்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் சுற்றுலாத் துறையின் படகுத்துறை வந்துவிடும்.

அங்கே வரிசையில் நின்ற ஒருவர் தன் மனைவியிடம், "உலகத்திலேயே இரண்டாவது பெரிய காடு இது" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வசனத்தை ரொம்ப நாளாக நிறையப் பேர் சொல்கிறார்கள். பிச்சாவரம் பதினோரு சதுர கிலோமீட்டர். சுந்தரவனம் இந்தியாவையும் வங்கதேசத்தையும் சேர்த்துச் சுமார் பத்தாயிரம். ஒரிசாவின் பிதர்கனிகா, குஜராத், அந்தமான் என்று நம் நாட்டிலேயே அண்ணன்கள் பல பேர் இருக்கிறார்கள். நம்ம பிள்ளை நல்லாப் பாடுது என்றால் போதாதா? பி.சுசீலாவுக்கு அடுத்தபடி என்று சொல்லித்தான் ஆக வேண்டுமா?

மோட்டார் படகா, துடுப்புப் படகா என்று கேட்டார்கள். துடுப்பு என்றேன். மோட்டார் படகு அகலமான வழியில் சர்ரென்று போய்த் திரும்பிவிடும். இரண்டு பக்கத்து மரமும் தலைக்கு மேல் கைகோத்து நிற்கிற குறுகல் கால்வாய்க்குள் நுழைய துடுப்புப் படகால்தான் முடியும். படகு முழுசும் நமக்கு. வேறு ஆள் ஏற மாட்டார்கள். அதாவது மச்சான் ஸ்கையில் போன அதே 'தனி டூர்'. கட்டணம்தான் மாட்டிலிருந்து கோழிக்கு இறங்கிவிட்டது.

படகுக்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். ஏறியதும் அவர் முதலில் எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். "தண்ணி வத்துது. இந்தப் பக்கம் போனா திரும்பறப்போ தரை தட்டும். அந்தப் பக்கமாப் போவோம்" என்றார். எங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. காலைக் காலை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் நிற்பது சுரபுன்னை. அதன் கிளையில் முருங்கைக்காய் மாதிரி தொங்கியது காய் இல்லை. மரத்திலேயே முளைத்துவிட்ட கன்று! கீழே விழும்போது சேற்றில் சொருகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மரமாகிவிடும். சொருகாவிட்டால் தண்ணீரில் மிதந்துபோய் வேறு கரை பார்க்கும்.

சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாகக் குத்திட்டு நின்றவை வெண்கண்டல் மரத்தின் சுவாச வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடைக்காதாம். வெளியே மூக்கை நீட்டி மூச்சு விடுகிறதாம். அதன் இலை ஒன்றைப் பறித்துப் பையனிடம் கொடுத்தார் படகுக்காரர். "நக்கிப் பாரு தம்பி."

பையன் அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சோப்புப் போட்டுக் கழுவாத எதையும் வாயில் வைக்க விடாதவர். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் நக்கிவிட்டான். "ஆயா! உப்பு!" என்று கத்தினான். வேண்டாத உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது.

"இந்த மரத்துகிட்ட மட்டும் போவாதீங்க" என்று இன்னொன்றைக் காட்டினார். தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அத்தை தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டார்.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் அடுத்த கேள்வி: "எம்.சி.ஆரு எங்கப்பா நின்னாரு?"

1975-ல் வந்த 'இதயக்கனி' இங்கே எடுத்ததல்லவா! படகுக்காரர் ஒரு திருப்பத்தைக் காட்டினார். அத்தைக்கு ஏற்பட்ட பரவசத்தை எழுத முடியாது. 'தசாவதாரம்' கூட இங்கேதான் எடுத்தார்கள், 2008-ல் வந்தது என்று நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை.

மச்சான் விடுவாரா? "ஸ்கையிலும் படகுக் கதை உண்டும்மா. 1746-ல் சார்லஸ்னு ஒரு இளவரசன் சண்டையில தோத்துட்டான். ஃப்ளோரா மெக்டொனால்டுன்னு ஒரு பொண்ணு, அவனுக்கு வேலைக்காரி வேஷம் போட்டு, படகுல வச்சு ஸ்கைக்குக் கொண்டுபோய்க் காப்பாத்திடுச்சு."

"பொம்பளை வேஷமா? நம்ம எம்.சி.ஆருன்னா மரு ஒட்டிக்கிட்டே தப்பிச்சிருப்பாரு" என்றார் அத்தை. படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

கொஞ்ச தூரத்தில், இடுப்பளவு தண்ணீரில் சிலர் குனிந்து நின்றார்கள். இருளர்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். மச்சான் போட்டோ எடுக்கப் போனை உயர்த்தினார். "கேட்டுட்டு எடுங்க சார்" என்றார் படகுக்காரர், மெதுவாக. மச்சான் போனை உள்ளே வைத்துவிட்டார்.

ஒரு இடத்தில் மட்டும் கால்வாய்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடின. நடுவில் ஒரு பெரிய கால்வாய். அதிலிருந்து சாய்வாக இரண்டு பக்கமும் சின்னக் கால்வாய்கள். மீன் முள் மாதிரி.

"இது ஆறு வெட்டினதில்லீங்க. நாங்க வெட்டினது" என்றார்.

ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டை அடித்து வந்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் பட்டு மண் தாழ்ந்துபோனது. வந்த கடல்தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, உப்பு ஏறி, புதுக் கன்று முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் ஜனங்களைச் சேர்த்துக்கொண்டு, தண்ணீர் வந்து போக இந்த மீன் முள் கால்வாய்களை வெட்டிக் கன்று நட்டார்கள். மொட்டையாகக் கிடந்த இடங்கள் மறுபடி பச்சையாயின. 2022-ல் பிச்சாவரம் சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலமாக, 'ராம்சார்' பட்டியலில் ஏறியது.

"சுனாமியில இங்கே எப்படி?" என்று நான்தான் கேட்டேன்.

துடுப்பு இரண்டு முறை தண்ணீரில் விழும் வரை பதில் வரவில்லை. "அன்னிக்குக் காலையில எங்க ஆளுங்க உள்ளே நண்டு புடிக்கப் போயிருந்தாங்க. தண்ணி வந்த வேகத்துல மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டவங்க வந்துட்டாங்க. கரையோரம் வெட்டவெளியில இருந்த சொந்தக்காரங்க பல பேர் வரல."

2004 டிசம்பர் 26-ஐ வைத்து மறு வருஷமே ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றன. கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதும் காரணம் என்று மறுத்துப் பேசிய விஞ்ஞானிகளும் உண்டு. வாதம் நடக்கட்டும். மரத்தைக் கட்டிப் பிடித்துப் பிழைத்தவரிடம் போய் யாரும் அந்த வாதத்தை வைக்க மாட்டார்கள்.

"உங்க பையன் படகு ஓட்டுறானா?" அத்தை கேட்டார்.

"இல்லம்மா. மெட்ராஸ்ல கம்பெனி வேலை. மாசா மாசம் சம்பளம். நல்லாருக்கான்."

"துடுப்புப் போடத் தெரியுமா?"

"துடுப்புத் தெரியும். தண்ணி தெரியாது."

அதன் பிறகு கரை வரும் வரை யாரும் பேசவில்லை.

கணக்குப் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒன்று உண்டு. கையில் பிடிக்க முடியாது; ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் விலை வைப்பார்கள். பிச்சாவரத்து மரத்தை எண்ணிவிடலாம், படகை எண்ணிவிடலாம். எந்த நேரத்தில் எந்தக் கால்வாயில் தண்ணீர் நிற்கும், எந்த மரம் கண்ணைக் கெடுக்கும், எந்த இடத்தில் போனை உள்ளே வைக்க வேண்டும் என்ற விஷயங்கள் எந்தப் பேரேட்டில் இருக்கின்றன? ஒரு ஐம்பது வயசுக்காரர் தலையில் இருக்கின்றன. ஸ்கையில் ஆளைத் துரத்திவிட்டார்கள், கல்லுச்சுவர் மிஞ்சியது. இங்கே யாரும் துரத்தவில்லை. மாசச் சம்பளம் கூப்பிடுகிறது, பிள்ளைகள் போகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் தண்ணீர் தெரிந்தவருக்கு அதனாலேயே நல்ல வருமானம் வந்தால், ஒன்றிரண்டு பிள்ளைகளாவது அப்பாவிடம் கேட்டுக்கொள்வார்கள் இல்லையா?

மச்சான் கணக்கை இப்போது நான் ஒத்துக்கொள்கிறேன். அவர் அந்த மாட்டை, காருக்கோ பெட்ரோலுக்கோ கொடுக்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவையும் இருக்காது, பொறுமையும் இருக்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் வெளிநாட்டுப் பறவைகளைப் பார்க்கலாம். மழை, புயல் எச்சரிக்கை நாட்களில் வேண்டாம். துடுப்புப் படகு எடுங்கள், கூடுதல் நேரத்துக்கே எடுங்கள். மிதவைச் சட்டையை, போட்டோவுக்கு அழகாக இல்லை என்று கழற்றாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலைத் தண்ணீரில் போடாதீர்கள். பாட்டுப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

எங்கள் படகுக்காரர் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் எல்லோரும் அவரையே தேடுவீர்கள். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? உங்களுக்கு வாய்க்கிறவரிடம் நீங்களே கேளுங்கள். மரத்தின் பேர், மீனின் பேர், அப்படியே அவர் பேர்.