சாலையோரத்து அயல் செடிகள்: வெட்டினால் மட்டும் போதுமா?

சாலை என்றால் வண்டி ஓடும் நடுப்பகுதி மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். இருபுறமும் உள்ள மண் ஓரமும், அதனை அடுத்த நீர்க்காலும், நிழல் மரங்களும் சேர்ந்ததே சாலை. பள்ளிப் பிள்ளைகள் நடந்து செல்வது மண் ஓரத்தில். மழைநீர் கண்மாயைச் சென்றடைவது நீர்க்காலின் வழியே. வழிப்போக்கர் இளைப்பாறுவது மரநிழலில். இராணி மங்கம்மாள் ஆட்சிக் காலத்தில் (1689–1706) சாலையின் இருமருங்கும் மரங்கள் வைக்கப்பட்டதாக மதுரைச் சீமை மக்கள் இன்றும் சொல்லி வருகின்றனர்.

ஆனால், தென்மாவட்டங்களின் கிராமச் சாலைகள் பலவற்றில் அந்த மண் ஓரம் இன்று மக்களுக்கு உரியதாக இல்லை. சீமைக் கருவேலம் அதனைக் கவர்ந்துகொண்டுவிட்டது. வளைவுகளில் எதிரே வரும் வண்டி தெரிவதில்லை. முள்ளுக்கு அஞ்சிப் பிள்ளைகள் நடுச்சாலைக்கு வந்துவிடுகின்றனர். நீர்க்கால் தூர்ந்து, மழைநீர் சாலையின் மீதே பாய்கின்றது. ஆகவே, இது உயிரைக் காக்கும் பணியும் ஆகும்.

இம்மரம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்கு உரியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் விறகுக்கென்றும் வேலிக்கென்றும் நாமே விரும்பிப் பரப்பினோம். வடமாவட்டங்களில் இதற்கு வேலிகாத்தான் என்று பெயர் வழங்குவதே அதற்குச் சான்று. வேலியைக் காக்க வந்தது, இன்று வேலியையும் கடந்து நிற்கின்றது.

இதனை ஒழிக்கும் முயற்சியில் நாம் செய்த பிழை ஒன்றை இங்கே மறைக்காமல் கூறுதல் பயனுடையது. சில ஆண்டுகளுக்கு முன் நமது ஒன்றியத்துச் சாலை ஒன்றின் இருபுறத்தையும் இயந்திரம் கொண்டு ஒரு கோடையில் வெட்டிச் சுத்தம் செய்தோம். ஓரங்கள் பளிச்சென்று தோன்றின, ஊர்மக்கள் பாராட்டினர், நாமும் மகிழ்ந்தோம். பள்ளமான இடங்களை அருகிலிருந்த கண்மாய் மண்ணால் நிரப்பினோம். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது அச்சாலை முன்னிலும் அடர்ந்த புதராக நின்றது! ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் எழுந்திருந்தன. செலவிட்ட பொதுப்பணம் வீணாயிற்று.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இம்மரத்தின் துளிர்க்கும் மொட்டுகள் வேரின் மேற்பகுதியில், மண்ணுக்குள்ளும் உள்ளன. தரைமட்டத்தில் வெட்டுவது மரத்தைக் கவாத்துச் செய்வதற்கே ஒப்பாகும். இரண்டாவது, நாம் வெட்டிய காலம் காய் முற்றி உதிர்ந்த காலம். இனிப்பான அக்காய்களை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். கடினமான விதைகள் சீரணமாகாமல், எருவோடு வெளிவந்து, எளிதில் முளைக்கும். மூன்றாவது, கண்மாய் மண்ணோடு அங்கே கிடந்த விதைகளையும் சேர்த்து நாமே சாலையோரத்தில் பரப்பிவிட்டோம். இவ்விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு உறங்கும் தன்மையுடையன.

ஆகவே, அடுத்த முறை பருவமறிந்து பணி செய்தோம். அம்முறையை வரிசையாகக் கூறுவோம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும் தை, மாசித் திங்கள்களில் மரங்களை வேரோடு தோண்டி எடுத்தல் வேண்டும். காய் முற்றி உதிரும்வரை காத்திருத்தல் கூடாது. தோண்டிய குழியை அன்றன்றே மூடி, மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இல்லையேல் சாலையின் கரை மழையில் சரிந்துவிடும். சரிவுகளில் அறுகம்புல்லும் வெட்டிவேரும் வைத்தல் நலம். புரட்டாசியில் குழியெடுத்து, ஐப்பசி மழையோடு வேம்பு, புங்கு, நாவல், புளி முதலிய கன்றுகளை ஓரத்திலிருந்து தக்க தூரம் தள்ளி நடவேண்டும். அதே மழையில் சீமைக் கருவேல நாற்றுகளும் முளைக்கும். மார்கழியில் கையாலேயே அவற்றைப் பிடுங்கிவிடலாம். இவ்வாறு மூன்று ஆண்டுகள் விடாது செய்தல் வேண்டும். வெறுமையாக விடப்பட்ட நிலம் மீண்டும் அயல் செடிக்கே உரியதாகும்.

நாட்டுக் கருவேலத்தைத் தவறுதலாக வெட்டிவிடாமல் காப்பதும் நமது கடமை. அதன் பூ மஞ்சள் நிறத்து உருண்டை. காய் மணிகளைக் கோத்த மாலைபோல் இடையிடையே இறுகியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர். காய் அவ்வாறு இறுகாமல் நீண்டிருக்கும். வேலையாட்களுக்கு இவ்விரண்டையும் நேரில் காட்டிய பின்னரே வெட்டுக் கருவியைக் கையில் கொடுக்க வேண்டும்.

மரங்கள் அகன்ற இடத்தில் மற்றொரு பகைவன் நுழைவதுண்டு. அதுவே பார்த்தீனியம். 1950-களில் புனே நகரில் காணப்பட்ட இச்செடி பின்னர் நாடெங்கும் பரவியது. தோல் அரிப்பையும் மூச்சிழைப்பையும் உண்டாக்கும் இதனை, கையுறை அணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். பூத்தபின் பிடுங்கி வீசினால் விதையைத் தூவியதாகவே முடியும். இதன் இலையைத் தின்னும் மெக்சிகோ நாட்டு வண்டு 1984-ஆம் ஆண்டில் பெங்களூர்ப் பகுதியில் விடப்பட்டது. மழைக்காலத்தில் அது நமக்குத் துணை செய்யும். ஆயினும் அதனை மட்டுமே நம்பியிருத்தல் ஆகாது. ஆவாரையும் தகரையும் செழித்த இடத்தில் பார்த்தீனியம் தலைதூக்குவது அரிது.

இப்பணியைக் குறித்துக் கிராம சபையில் பேசியபோது, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் முதியவர் ஒருவர் எழுந்து, "எல்லாவற்றையும் அழித்துவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பு எப்படி ஐயா எரியும்?" என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானது. வறட்சிக் காலங்களில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டதும் இம்மரமே. ஆதலின், எடுக்கும் விறகை முறைப்படி அக்குடும்பங்களுக்கே ஏலத்தில் கிடைக்கச் செய்தோம். தோண்டும் வேலையையும் அவர்களுக்கே அளித்தோம். ஒரே ஆண்டில் எல்லாச் சாலைகளையும் தொடாமல், பள்ளி அருகிலும் வளைவுகளிலும் பாலங்களின் வாயிலும் முதலில் தொடங்கினோம்.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. கொள்கை வழிகாட்டும், நடப்பது நாமே அன்றோ? ஊராட்சித் தலைவர்கள் பணி தொடங்குமுன் சாலை எத்துறைக்கு உரியது என்று அறிந்து இசைவு பெறுக. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் போதும். ஆனால், அந்த ஒரு கிலோமீட்டரை மூன்று ஆண்டுகள் கைவிடாது காத்திடுக.

வெட்டிய நீளத்தை அளந்து கணக்கெழுதுவது எளிது. மூன்றாம் ஆண்டு முடிவில் எத்தனை கன்றுகள் உயிரோடு நிற்கின்றன, எத்தனை பிள்ளைகள் அச்சமின்றி ஓரத்தில் நடந்து செல்கின்றனர் என்பதே மெய்யான கணக்கு. அக்கணக்கில் நமது வட்டாரங்கள் வெல்லுமாக!