வேப் கருவிக்குள் இருக்கும் பற்றரி: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

1990களில் யாழ்ப்பாணத்தின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது, தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். மெதுவாகச் சுற்றினால் சத்தம் அடங்கிவிடும். வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடும். அதைக் கட்டுப்படுத்தியது எங்கள் கைதான்.

இன்று மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீடுகளில் பற்றரிக்குப் பஞ்சமில்லை. கைத்தொலைபேசி, விளையாட்டுப் பொருள், வேப் என எல்லாவற்றிலும் லிதியம் அயன் கலங்கள்தான். பகுதி பகுதியாக வாங்கித் தாங்களே பொருத்திக்கொள்ளும் வேப் கருவிகளும் உண்டு. அவற்றில் மின்னழுத்தத்தை எது கட்டுப்படுத்துகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

முழுதாகச் சார்ச் ஏறிய ஒரு கலத்தில் 4.2 வோல்ற்று இருக்கும். பாவிக்கப் பாவிக்க அது 3 வோல்ற்று வரை இறங்கும். சூடாகும் கம்பிச்சுருளின் தடை 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தைத் தடையால் பிரித்தால் மின்னோட்டம் வரும்: 8.4 அம்பியர். வலு ஏறத்தாழ 35 வாற்று. அதே கலம் 3.2 வோல்ற்றுக்கு இறங்கும்போது வலு 20 வாற்று மட்டுமே. புகை குறைகிறதே என்று சுருளின் தடையை 0.1 ஓமாகக் குறைத்தால், கணக்குப்படி 42 அம்பியர் பாயும். 18650 வகைக் கலங்களில் பல, தொடர்ந்து 30 அம்பியரைக்கூடத் தாங்காதவை. அளவு மீறினால் கலம் உள்ளே சூடேறி, அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கித் தீப்பற்றும்.

ஒழுங்குபடுத்தும் சுற்றுள்ள கருவியில், ஒரு சிறிய சிப் மின்சாரத்தை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தின் பங்கைக் கூட்டிக் குறைத்தே வெளியேறும் மின்னழுத்தத்தை அது ஒரே அளவில் வைத்திருக்கிறது. மின்னோட்டம் மிஞ்சினாலோ, கலம் அளவுக்கு மீறி இறங்கினாலோ துண்டித்தும் விடும். 'மெக்கானிக்கல்' எனப்படும் கருவிகளில் இந்தச் சுற்றே இல்லை. பொத்தானை அழுத்தினால் கலமும் சுருளும் நேரடியாக இணையும்.

ஒழுங்குபடுத்தி இருந்தால் கலத்துக்குச் சுமை இல்லை என்று நினைப்பதும் தவறு. 30 வாற்று கொடுக்க, 4.2 வோல்ற்றில் கலம் 7 அம்பியர் கொடுத்தால் போதும். 3.2 வோல்ற்றில் அதே வேலைக்கு 9 அம்பியருக்கு மேல் வேண்டும். கலம் இறங்க இறங்கச் சுமை ஏறுகிறது.

நியூசிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேப் விற்பது சட்டவிரோதம். ஒருமுறை பாவித்து எறியும் வேப்களின் விற்பனை 2025 ஜூன் 17 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனாலும் பழையவை மேசை லாச்சிகளில் கிடக்கலாம். தனிக் கலங்களைச் சாவியோடும் சில்லறையோடும் பொக்கற்றில் போட வேண்டாம். மேலுறை கிழிந்ததையும் வீங்கியதையும் பாவிக்க வேண்டாம். படுக்கையில் வைத்துச் சார்ச் பண்ண வேண்டாம். வீட்டுக் குப்பைத்தொட்டியில் போடாமல், பற்றரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். தீப்பற்றினால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டுபோய் 111ஐ அழையுங்கள்.

பிள்ளையின் அறையில் இப்படி ஒரு கருவியைக் கண்டால், ஏசுவதற்கு முதல் அதனுள் என்ன கலம் இருக்கிறது என்று கேளுங்கள். புகைப்பதைப் பற்றிய பேச்சை நாளைக்கும் பேசலாம். சூடேறிய கலம் நாளைவரை காத்திராது.